நியூராலஜிஸ்ட்டை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடும்ப டாக்டர் சீட்டின் அடியில் ‘நியூரோ ஒப்பீனியன்’ என்று எழுதிக் கொடுத்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. மூளையில் கட்டியோ, கை கால் விழுந்துவிடுமோ என்று அன்று ராத்திரியே கூகுளில் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். நியூராலஜிஸ்ட், அதாவது நரம்பியல் டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைவலி, தலைச்சுற்றல், கை கால் மரத்துப்போவது, வலிப்பு, கை நடுக்கம், மறதி, இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் முக்கால்வாசிப் பேர் வந்திருப்பார்கள். இவற்றில் பல மாத்திரையில் அடங்கும். சில மாத்திரையே இல்லாமல் அடங்கும்.

வீட்டுப் பெரியவர்களை இந்த டாக்டர்களிடம் அழைத்துக்கொண்டு போய் வந்ததில் எனக்குப் பிடிபட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நரம்பியலில் நோய் இன்னதென்று முடிவாவது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் விவரத்திலிருந்துதான். ஸ்கேன் அதற்கு அடுத்ததுதான். ஆகவே தயாரிப்பில் முக்கால்வாசி, ஆட்டோ ஏறுவதற்கு முன் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாதவை

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுகிறது, தூக்கிய கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. மூளை ரத்தக் குழாயில் அடைத்திருக்கும் உறைவைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் வழியாக உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் தரும், ஆனால் அந்தச் சிலரில் நீங்கள் இருப்பீர்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ராத்திரி பகல் பாராமல் சி.டி. ஸ்கேன் ஓடும் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே போக வேண்டும், அது பெரியதற்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

வாழ்நாளில் வந்ததே இல்லை என்னும்படி நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பும் பிதற்றலும், ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, சில நாட்களில் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும் பலவீனம், திடீரென்று சிறுநீர் வெளியேறாமல் போவது, இவையெல்லாமும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியவை.

யாரைப் பார்ப்பது

நியூராலஜிஸ்ட் மருந்தால் சிகிச்சை தருபவர். எம்.டி. முடித்து அதற்கு மேல் டி.எம். நியூராலஜி படித்திருப்பார். நியூரோ சர்ஜன் அறுவை சிகிச்சை செய்பவர், பெயர்ப்பலகையில் எம்.சிஎச். என்று இருக்கும். முதலில் பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் நியூராலஜிஸ்ட்தான். ஆபரேஷன் தேவைப்பட்டால் அவரே அனுப்பிவைப்பார். ‘நியூரோ சர்ஜன்கிட்ட போனா கத்தி வைச்சிடுவார்’ என்ற பேச்சும் சரியில்லை, முதுகுவலிக்கு அவரிடம் போய் உடற்பயிற்சிச் சீட்டோடு திரும்பியவர்கள் நிறைய. இந்த ஊரில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை பி. ராமமூர்த்தி 1950-ல் அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். அந்த நாளில் மூளை ஆபரேஷன் என்றால் இருந்த பயம்தான் இன்னும் வீடுகளில் புழங்கிக்கொண்டிருக்கிறது.

பதற்றம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம் என்றால் மனநல மருத்துவர். காலில் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடப்பது நரம்பு இல்லை, ரத்தக் குழாய், அதற்கு வாஸ்குலர் சர்ஜன். குழந்தைக்கு என்றால் குழந்தைகள் நரம்பியல் தனித் துறை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறது.

எங்கே போவது

அரசு மருத்துவமனைகளில் முதலில் சொல்ல வேண்டியது சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, நம் வாயில் ஜி.எச். நரம்பியலுக்கென்று இங்கே தனி நிலையமே உண்டு. பார்க் ஸ்டேஷனிலோ பார்க் டவுனிலோ இறங்கினால் நடக்கும் தூரம்தான். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, நடுவில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், தெற்கே என்றால் கிண்டியில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. தனியார் கட்டணம் கட்டுப்படி ஆகாது, ஜி.எச். கூட்டமும் தாங்காது என்பவர்கள் தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனைப் பக்கம் போகிறார்கள். நரம்பியலில் அதற்குப் பழைய பெயர் உண்டு.

ஜி.எச். போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை சீக்கிரம் நீண்டுவிடும். எந்தக் கிழமை எந்த டாக்டரின் ஓ.பி. என்று பிரித்திருப்பார்கள். முதல்முறை போகும்போது உங்களைப் பார்த்தவரின் கிழமையைக் கேட்டு எழுதிக்கொண்டால் அடுத்த முறை அவரிடமே போகலாம். வெளி டாக்டரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சில பரிசோதனைகளும் அதில் சேரும். மருத்துவமனைக்குள்ளேயே காப்பீட்டுப் பிரிவு இருக்கும், அங்கே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தனியாரில் டாக்டர்கள் காலையில் பெரிய மருத்துவமனையிலும் சாயங்காலம் சொந்தக் கிளினிக்கிலும் இருப்பார்கள். அதே டாக்டர்தான், கட்டணம் மட்டும் வேறு. ஆறு மணி அப்பாயிண்ட்மென்ட் என்றால் எட்டு மணிக்கு உள்ளே போவீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பக்கவாத கேஸ் ஒன்று வந்தால் டாக்டர் ஓடித்தான் ஆக வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துப் போவது நல்லது.

தனியார் மெடிக்ளெய்ம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஒரு நாள் அட்மிட் ஆகி ஸ்கேன் எடுத்தா கிளெய்ம் வாங்கிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் பணம் தர மாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். அறை வாடகையும் சேர்ந்து தலையில் விழும்.

வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியது

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு முழுத்தாளில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது.

‘கை மரத்துப்போகுது டாக்டர்’ என்று சொன்னால் அதற்கு ஐம்பது காரணம் இருக்கலாம். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘வலது கை, கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மட்டும். சுண்டுவிரல்ல இல்ல. நடுராத்திரி எழுப்பிவிடுது. கையை உதறினா சரியாகுது.’ கேட்கும்போதே டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிப் பார்ப்பார். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது அது. தைராய்டு, சர்க்கரை இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சகஜம். ராத்திரி மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு தூங்கினாலே பலருக்குத் தணிந்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போனால் கோளாறு முழங்கையில். ஒரு விரலைச் சேர்த்துச் சொல்வதா விட்டுச் சொல்வதா என்பதில் நோயே மாறிவிடுகிறது. கழுத்து ஸ்கேன் செலவும் மிச்சம்.

மயக்கம் என்றும் அப்படியே நிறுத்தாதீர்கள். அறை சுழன்றதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, நடக்கும்போது தள்ளாடியதா, நினைவே தப்பியதா? படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் உலகமே சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. டாக்டர் உங்கள் தலையை வெவ்வேறு கோணங்களில் திருப்பிப் படுக்க வைத்தே அதைச் சரிசெய்துவிடுவார்.

தலைவலிக்காரர்கள் ஒரு மாதக் கணக்கு எழுதுங்கள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வலி வந்ததா, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை போட்டீர்கள், பெண்களானால் மாதவிலக்கு நாள். இதில் மாத்திரைக் கணக்கு ரொம்ப முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ஒற்றைத் தலைவலிக்கென்று தரும் டிரிப்டான் வகைக்கும் கலவை மாத்திரைகளுக்கும் 10 நாளே அதிகம். பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டதெல்லாம் கணக்கில் வருமா என்று கேட்காதீர்கள், வரும்.

வலிப்பு வந்தவர்களுக்குத் தனியாக

வலிப்பு வந்தவருக்கு அந்த நேரத்தில் நடந்தது எதுவும் தெரியாது. ஆகவே பார்த்தவர் கூட வர வேண்டும். ஆபீஸில் நடந்திருந்தால் பக்கத்து சீட் நண்பரை டாக்டரோடு போனில் பேச வையுங்கள். டாக்டர் கேட்பவை இவை: முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கைக் கடித்தாரா, சிறுநீர் போனதா, எத்தனை நிமிடம், தெளிந்த பிறகு எவ்வளவு நேரம் குழப்பத்தில் இருந்தார். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நிமிட செல்போன் வீடியோ பதில் சொல்லிவிடும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வீடியோ எடுப்பதில் தப்பே இல்லை. அடுக்குமாடி வாசலில் விழுந்திருந்தால் சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் வாங்கி வையுங்கள்.

கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நிற்கவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். அதனால் பெயர் சாவிக்குப் போய்விட்டது. செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைப்பது, பக்கத்தில் இருக்கும் மேசை நாற்காலியை நகர்த்துவது, மணி பார்ப்பது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட.

ஸ்கேனில் மூளைக்குள் சிறிய வளையம் போல ஒன்று தெரிகிறது என்றால் உடனே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். நம் நாட்டில் அது நாடாப்புழுவின் இளம்புழுவாகவோ காசநோயாகவோ இருப்பது சகஜம், இரண்டுக்கும் மருந்து உண்டு. அந்தப் புழு பன்றி இறைச்சியோடு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அதன் முட்டை சரியாகக் கழுவாத கீரை, காய் வழியாகவும் அசுத்தத் தண்ணீர் வழியாகவும் வயிற்றுக்குள் போகும். ஆகவே ‘நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?’ என்ற கேள்விக்கு டாக்டர்கள் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்வது நம் வீடுகளில் நடக்கிற காரியம். வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-ல் நீக்கிவிட்டார்கள். சட்டமே விட்டுவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மாத்திரையை ஒளித்து வைத்து, மணமேடையில் விழுவதைவிட முன்பே பேசிவிடுவது மேல்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

பழைய சீட்டுகள் தேதி வரிசையில். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும், டாக்டர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். சாப்பிடும் மருந்துகளை எழுதுவதைவிட அட்டைகளையே ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோவது சுலபம். ‘வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை’ என்றால் யாருக்கும் தெரியாது. சித்த மருந்து, லேகியம், தூக்க மாத்திரை, ஜிம் பவுடர் எல்லாம் அதே கவருக்குள். குடிப்பழக்கத்தை உள்ளபடி சொல்ல வேண்டும், மனைவி எதிரில் சொல்ல முடியாது என்றால் டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் மறக்க வேண்டாம். முழங்கால் வரை சுலபமாக மடிக்க முடிகிற உடை, சட்டென்று கழற்ற முடிகிற செருப்பு. பி.பி. மாத்திரையை அன்று காலை விடாமல் போடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பெரிய இடங்களில் முதலில் ஒரு ஜூனியர் டாக்டர் முழுக் கதையையும் கேட்டு எழுதுவார். அப்புறம் பெரிய டாக்டர் அதையே திரும்பக் கேட்பார். எரிச்சல் வேண்டாம், இரண்டாம் முறை சொல்லும்போது விட்டுப்போனது ஞாபகம் வரும்.

பரிசோதனை நீங்கள் கதவைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டது. நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா, நாற்காலியில் எப்படி உட்கார்கிறீர்கள், முகத்தில் அசைவு இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் நடக்க முடிகிறவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

பிறகு சிரிக்கச் சொல்வார், நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணில் டார்ச் அடிப்பார். மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்வார். பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் வைத்துக் கோட்டில் நடக்கச் சொல்வார். சுத்தியலால் முழங்காலில் தட்டுவார். ட்யூனிங் ஃபோர்க் என்னும் அதிரும் கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்பார், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டிருந்தால் முதலில் கால் விரலில் அது தெரியாமல் போகும். கடைசியில் உள்ளங்காலில் ஒரு கோடு இழுப்பார். சில டாக்டர்கள் ஸ்கூட்டர் சாவியாலேயே இழுத்துவிடுவார்கள். பெருவிரல் கீழே மடங்கினால் சரி, மேலே நிமிர்ந்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ ஏதோ இருக்கிறது. பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-ல் சொன்ன இந்த அறிகுறியை, இத்தனை ஸ்கேன் வந்த பிறகும் யாரும் கைவிடவில்லை.

மறதிக்காகப் பெரியவர்களை அழைத்துப் போனால் கூட வருபவர்களுக்குத்தான் சோதனை. எங்கள் பெரியப்பாவிடம் டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ‘இது என்ன மாசம் ஐயா?’ என்று கேட்டார். பெரியப்பா யோசிக்க, பின்னாலிருந்து அவர் மகன் ‘நவம்பர்’ என்று முணுமுணுத்தான். ‘அவரே சொல்லட்டும் சார்’ என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. பெரியப்பா நிதானமாக, ‘ஐப்பசி முடியப் போகுது. துலா ஸ்நானம் இருக்குல்ல’ என்றார். டாக்டர் மார்க் போட்டுவிட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோதுதான் தடுமாறினார். அங்கே நாம் உதவி செய்யப் போய், நோய் இல்லாத மாதிரிக் காட்டிவிடக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: கேஸை அணைக்க மறக்கிறார், வழக்கமான தெருவில் வழி தவறினார், பென்ஷன் கணக்கில் குழம்புகிறார். பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூசினால் அதை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

டெஸ்ட் எழுதிக் கொடுத்தால்

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு, பி12 அநேகமாக இருக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவது அதிகம், கால் எரிச்சலுக்கும் மறதிக்கும் அதுவே காரணமாகிவிடும்.

எம்.ஆர்.ஐ. காந்தத்தில் வேலை செய்வது, கதிர்வீச்சு இல்லை. சி.டி.யில் எக்ஸ்ரே கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. பெண்களுக்கு இதில் நிறைய சிக்கல்: கொண்டை ஊசி, புடவை மடிப்பில் குத்திய ஊக்கு, மெட்டி, மூக்குத்தி, தாலிக்கொடி. தங்கமாக இருந்தாலும் கழற்றத்தான் சொல்வார்கள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பவர்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதை யாரும் தடுப்பதில்லை. மூக்குத்தி கழலவில்லை என்று அங்கே போய்ப் போராடாமல் முந்தின நாளே கழற்றிப் பாருங்கள். இதய பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களில் லேத், வெல்டிங் வேலை செய்பவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். காந்தம் அதை இழுத்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

உள்ளே இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், பஞ்சோ ஹெட்ஃபோனோ தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், முடியவில்லை என்றால் அழுத்தலாம். மூடிய இடம் பயம் என்பவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். தனியாரில் ஒரே ஸ்கேனுக்குத் தெருவுக்குத் தெரு விலை வேறு, நாலு இடத்தில் போன் போட்டுக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன, கட்டணம் வெளியைவிடக் குறைவு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பக்கத்து வீட்டு நர்ஸிடமும் வாட்ஸ்அப் குரூப்பிலும் காட்டத் தோன்றும். அறுபது வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் ‘மூளைச் சுருக்கம்’, ‘சிறு ரத்தக் குழாய் மாற்றம்’ என்று இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். உங்கள் அறிகுறியோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இ.இ.ஜி. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. ஷாக் கொடுக்க மாட்டார்கள், உங்கள் தலையிலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் எடுக்கிறார்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். நம் ஊரில் இது ஒன்றுதான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிலரை ராத்திரி குறைவாகத் தூங்கிவிட்டு வரச் சொல்வார்கள், அப்படியானால் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டி, வேகமாக மூச்சு விடச் சொல்லி, கண்ணெதிரே விளக்கை மின்ன விடுவார்கள். இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமாகாது. அதனால் ‘நார்மல்னு வந்துடுச்சே, ஏன் மாத்திரை?’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

நரம்புக் கடத்தல் பரிசோதனையில்தான் சின்னச் சின்ன ஷாக் உண்டு, சுண்டிவிட்ட மாதிரி இருக்கும். சிலருக்குத் தசையில் மெல்லிய ஊசியும் குத்துவார்கள். கை காலில் எண்ணெய், கிரீம் பூசாமல் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால், ‘கால் விழுந்துடும்’ என்று உறவுக்காரர்கள் தடுப்பார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. எழுந்து உட்கார்ந்தால் சில நாள் தலைவலி வரலாம்.

மருந்துச் சீட்டு கைக்கு வந்த பிறகு

தலைவலிக்கு எழுதிய மாத்திரையைத் தேடிப் பார்த்தால் மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து, பி.பி. மருந்து என்று வரும். டாக்டர் தப்பாக எழுதவில்லை. அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ப்ரொப்ரனலால் மூன்றும் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கக் கொடுப்பவை. ஆஸ்துமா இருப்பவர்கள் ப்ரொப்ரனலால் சாப்பிடும் முன் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும், மூன்றாம் நாளே ‘ஒண்ணும் கேக்கல’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் டாக்டர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, தானாக நிறுத்தவே கூடாது. மருந்துக்கடையில் ‘இதே மருந்துதான், வேற கம்பெனி’ என்று கொடுத்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆரம்பித்த சில வாரங்களுக்குள் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே போன் செய்யுங்கள். கல்யாணம் ஆகப் போகும், குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும், வேறு மருந்துக்கு மாற்ற நேரம் வேண்டும்.

எழுந்திருக்கும் முன் கேட்க வேண்டியவை: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், மருந்து எவ்வளவு நாள், எது வந்தால் உடனே வர வேண்டும், டூ வீலர் ஓட்டலாமா, நீச்சலுக்கும் மாடி வேலைக்கும் போகலாமா? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட்டில் இறங்குவதற்குள் பாதி மறந்துவிடும். டாக்டர் சொன்னதில் திருப்தி இல்லை, குறிப்பாக ஆபரேஷன் என்கிறார் என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். முதல் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யலாம், நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த முறை போகும்போது பழைய தாளின் தொடர்ச்சியாக, மருந்துக்குப் பிறகு என்ன மாறியது என்று நாலு வரி எழுதிக் கொண்டுபோங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மறு சீட்டு வாங்குங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் டாக்டரும் ஊருக்குப் போய்விடுவார், சில வலிப்பு மருந்துகள் சின்னக் கடைகளில் கிடைப்பதும் இல்லை. சீட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.